பிரஷர் குக்கரில் வேர்க்கடலை–எள் நூடுல்ஸ்: அடிப்பிடிக்காமலும் கட்டியாகாமலும் செய்வது எப்படி?

கேள்வி: எழுதியவர் ஸ்கார்பரோவாசி

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அறையில் அடுப்பு கிடையாது. 6 லிட்டர் மின்சாரப் பிரஷர் குக்கர் ஒன்றும் வெந்நீர் போடும் கெட்டில் ஒன்றும்தான் என் சமையலறை. சோறு, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் அந்தக் குக்கர் குறையில்லாமல் செய்து கொடுத்துவிடுகிறது. ஆனால், இங்குள்ள சீன உணவகங்களில் கிடைக்கும் வேர்க்கடலையும் எள்ளும் சேர்ந்த நூடுல்ஸை அதில் செய்ய முற்படும்போது மட்டும் தொல்லை வருகிறது.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள், நூடுல்ஸ், தண்ணீர், சோயா சாஸ், வேர்க்கடலை வெண்ணெய், எள் விழுது, சர்க்கரை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டால் போதும் என்கின்றன. அவ்வாறு செய்தால் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே அடிப்பிடிப்பதாக எச்சரிக்கை காட்டிவிட்டு குக்கர் நின்றுவிடுகிறது. தண்ணீரைக் கூட்டினால் எச்சரிக்கை வருவதில்லை. ஆனால் நூடுல்ஸ் விறகுக்கட்டுபோல் ஒட்டிக்கொண்டு, கட்டின் நடுப்பகுதி வேகாமலும் வெளிப்பகுதி குழைந்தும் போகிறது. சாஸோ உணவகத்தில் இருப்பதைப் போல் நூடுல்ஸின் மேல் வழவழப்பாகப் படியாமல், மேலே எண்ணெய் தனியாக மிதக்க, கீழே மாவுக் கஞ்சியாக நிற்கிறது.

எந்தப் பொருளை எப்போது சேர்க்க வேண்டும், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், இதற்கு நம் நல்லெண்ணெயைப் பயன்படுத்தலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: எழுதியவர் நீராவி

தங்கள் குக்கரில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு அந்தக் குறிப்பில் இருக்கிறது. மின்சாரக் குக்கர்களில் உள்பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி ஒரு வெப்ப உணரி இருக்கும். பாத்திரத்தில் இருப்பது தண்ணீராகவோ தண்ணீர்போல் நீர்த்த குழம்பாகவோ இருக்கும்வரை, அடியில் சூடானது மேலே எழுந்து, மேலே இருப்பது கீழே இறங்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் அடிப்பகுதியின் சூடு அந்த நீரின் கொதிநிலையை விட்டு அதிகம் விலகாது. அதில் வேர்க்கடலை விழுதையும் எள் விழுதையும் கரைத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. வேர்க்கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். எள்ளிலும் பாதி எண்ணெய்தான். எண்ணெய் மேலே போக, அரைபட்ட திப்பிகள் அடியில் படிந்து ஓர் ஏடாகப் படர்கின்றன. நூடுல்ஸிலிருந்து இறங்கும் மாவும் சேர்ந்துகொண்டு நீர் கெட்டியாகிச் சுழற்சி நின்றுபோகிறது. அப்போது அடி மட்டும் தனியாகச் சூடேறுகிறது, சர்க்கரை கருகத் தொடங்குகிறது, உணரி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அது நிறுத்தாவிட்டால் தாங்கள் பாத்திரத்தைத்தான் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே மூடிக்குள் போக வேண்டியவை நூடுல்ஸ், தண்ணீர், சிறிது உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவை மட்டுமே. வேர்க்கடலை, எள், சர்க்கரை, வினிகர், வறுத்த எள் எண்ணெய் ஆகிய எல்லாம் மூடியைத் திறந்த பிறகு சேர வேண்டியவை. வினிகரின் மணமும் எள் எண்ணெயின் மணமும் ஆவியோடு வெளியேறிவிடுபவை என்பதால், அடிப்பிடிக்கும் பயம் இல்லாதபோதும் அவற்றை உள்ளே வைப்பதில் பயனில்லை.

அளவுகளைச் சொல்கிறேன். இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சீனக் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த கோதுமை நூடுல்ஸிலும் செய்யலாம். ஆனால் துரம் கோதுமை ரவையில் செய்யப்படும் ஸ்பகெட்டி அழுத்தத்தில் எளிதில் குழையாது என்பதால், குக்கருக்கு அதுவே பாதுகாப்பான தேர்வு. அதைப் பாதியாக உடைத்து, ஒரு கைப்பிடியைக் கிடையாகவும் அடுத்த கைப்பிடியை அதன்மேல் குறுக்காகவும் மாற்றி மாற்றிப் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் போடுவதால்தான் தாங்கள் சொன்ன விறகுக்கட்டு உருவாகிறது. குறுக்காகப் போட்டால் இழைகளுக்கு இடையே நீர் புகுந்துவிடும். அதன்மேல் கெட்டிலில் கொதித்த வெந்நீரை 550 மில்லிலிட்டர் அளவுக்கு ஊற்றி, இழைகள் அனைத்தும் நீருக்குள் அமிழும்படி கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்திவிட்டு மூடுங்கள்.

வெந்நீர் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கோதுமை மாவுச்சத்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கிவிடும். அதற்கு 115 டிகிரி தேவையே இல்லை. குளிர்ந்த நீரை ஊற்றினால், குக்கர் அழுத்தம் ஏற்றும் நேரம் முழுவதும் நூடுல்ஸ் அரைச் சூட்டில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரையில் காட்டும் நிமிடக் கணக்குக்கும் உண்மையில் அது வெந்த நேரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகும். கொதிநீர் ஊற்றினால் அழுத்தம் விரைவாக ஏறிவிடுவதால் கணக்கு ஓரளவு கைக்குள் நிற்கும்.

நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பொட்டலத்தில் போட்டிருக்கும் நிமிடத்தைப் பாதியாக்கி, அதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் என்று போட்டிருந்தால் உயர் அழுத்தத்தில் 4 நிமிடம். நேரம் முடிந்ததும் தானாக ஆவி அடங்கட்டும் என்று விட்டுவிட்டால் அத்தனை நேரமும் நூடுல்ஸ் வெந்துகொண்டே இருக்கும். உடனே வால்வை முழுவதும் திறந்துவிட்டாலோ மாவு நுரை ஆவியோடு சீறிக்கொண்டு வெளியே வரும். ஆகவே 2 நிமிடம் பொறுத்து, பிறகு வால்வைச் சற்றே திறந்து, நுரை எட்டிப் பார்த்தால் மூடி, மீண்டும் திறந்து, இப்படி விட்டு விட்டு அழுத்தத்தை இறக்குங்கள். கையை ஆவிப் பாதையில் வைக்காதீர்கள்.

மூடியைத் திறக்கும்போது அடியில் கொஞ்சம் கலங்கல் நீர் நிற்கும். பார்ப்பதற்குத் தோல்விபோல் இருந்தாலும் அதைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு முள்கரண்டிகளால் இழைகளைத் தூக்கித் தூக்கிப் பிரித்துவிட்டு, 2 நிமிடம் திறந்தே வைத்தால் பாதியளவு நீரை நூடுல்ஸ் தானே இழுத்துக்கொள்ளும். மீதி நீர்தான் சாஸைப் பிடித்து நிறுத்தும் பசை.

சாஸுக்கு 2 மேசைக்கரண்டி வேர்க்கடலை விழுது, 2 மேசைக்கரண்டி வறுத்த எள் விழுது, 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி சீனக் கறுப்பு வினிகர், 2 தேக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி வறுத்த எள் எண்ணெய், துருவிய பூண்டு 2 பல், விருப்பம்போல் மிளகாய் எண்ணெய். நூடுல்ஸ் வேகும் நேரத்தில் இவற்றை ஒரு கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, கரண்டியிலிருந்து தோசைமாவின் பதத்தில் வழியும்வரை கரைத்து வைத்துக்கொண்டு, குக்கரை அணைத்த நிலையிலேயே நூடுல்ஸில் ஊற்றிப் புரட்டுங்கள். சூட்டைத் தக்கவைக்கும் பொத்தானையும் அணைத்துவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் சாஸ் மறுபடியும் அடியில் காயத் தொடங்கும், எண்ணெயும் பிரியும்.

மறுமொழி: எழுதியவர் அடுக்களைத்தோழி

தம்பி, மேலே உள்ள விளக்கம் மின்சாரக் குக்கருக்கு முழுவதும் பொருந்தும். ஆனால் இந்தத் திரியைப் படிக்கும் பலரிடம் இருப்பது விசில் குக்கர்தான் என்பதால் அவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விசில் குக்கர் கொஞ்சம் கடுமையானது. மின்சாரக் குக்கர்களின் உயர் அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 115 டிகிரி வரை போகும் என்றால், நம் அடுப்புக் குக்கரின் குண்டு தூக்கும்போது உள்ளே 120 டிகிரி இருக்கும். எச்சரிப்பதற்கு அதில் உணரியும் இல்லை. கருகல் வாடை மூக்குக்கு வந்த பிறகுதான் தெரியும். பிரஷர் குக்கர்களோடு வரும் கையேடுகள் பலவற்றில் நூடுல்ஸ், மக்ரோனி, ஸ்பகெட்டி, ஓட்ஸ், உடைத்த பட்டாணி போன்றவை நுரைத்துப் பொங்கி ஆவிக்குழாயை அடைக்கக்கூடும் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். பலரும் அதைப் படிப்பதில்லை. மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஆவிக்குழாயின் துளை வழியாகப் பாருங்கள். மறுபக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் மட்டுமே குண்டைப் போட வேண்டும். முந்தைய நாள் பருப்பின் ஒரு துளி அங்கே காய்ந்திருந்தாலும் நுரைக்கும் பொருளை வைக்கக்கூடாது. கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது.

என்னைக் கேட்டால், நூடுல்ஸை நேரடியாகக் குக்கரின் அடியில் போடாமல், சாதத்துக்கு வைப்பதுபோல் உள்பாத்திரத்தில் வைப்பதே சிறந்தது. குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு, அதன்மேல் 150 கிராம் நூடுல்ஸ் பரப்பிய பாத்திரத்தை வைத்து, நூடுல்ஸுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கும் அளவுக்குக் கொதிநீர் ஊற்றுங்கள். பாத்திரத்தில் பாதி இடம் காலியாக இருக்கட்டும். அடியில் இருப்பது வெறும் தண்ணீர் என்பதால் அடிப்பிடிக்கும் பேச்சே இல்லை. நுரை பொங்கினாலும் பெரும்பாலும் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஸ்பகெட்டியானால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 5 நிமிடம் வையுங்கள். கடைகளில் ஹக்கா நூடுல்ஸ் என்று விற்கும் மெல்லிய வகையானால் முதல் விசிலோடு அடுப்பை அணைத்துவிடலாம். அதில் பெரும்பாலானவை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து உலர்த்தப்பட்டவை. உடனடி நூடுல்ஸுக்கும் அரிசி நூடுல்ஸுக்கும் குக்கரே வேண்டாம், வெந்நீர் போதும்.

இத்தனை விசில் என்று எழுதப்பட்ட குறிப்புகளை நம்பாதீர்கள். தீயின் அளவு, குக்கரின் வயது, கேஸ்கெட்டின் இறுக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஒரு வீட்டின் மூன்று விசில் இன்னொரு வீட்டின் ஐந்து விசிலாகும். பருப்புக்கு அது பரவாயில்லை. நூடுல்ஸுக்கு இரண்டு நிமிட வித்தியாசமே கொழகொழப்புக்கும் பதத்துக்கும் உள்ள வித்தியாசம்.

அழுத்தத்தை இறக்கும்போது கரண்டிக்காம்பால் குண்டைத் தூக்கிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மாவுப் பொருள் உள்ளே இருக்கும்போது அதைச் செய்யவே வேண்டாம். குக்கரைத் தொட்டிக்கு எடுத்துச் சென்று, குண்டின்மேல் படாமல் மூடியின் ஓரத்தில் குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டால் அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மின்சாரக் குக்கருக்கு இது பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

மறுமொழி: எழுதியவர் யாங்சிக்கரை

வூஹான் நகரில் மருத்துவம் படித்த காலத்தில் பெரும்பாலான நாட்களில் என் காலை உணவு எள் விழுது நூடுல்ஸாகத்தான் இருந்தது என்பதால், சற்று மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்த உணவுக்கு அழுத்தம் தேவையில்லை என்பது மட்டுமன்று, அழுத்தம் அதன் குணத்துக்கே எதிரானது என்பது என் எண்ணம்.

வூஹானில் இதைச் செய்யும் முறையைப் பாருங்கள். காரம் சேர்த்துப் பிசைந்த, மஞ்சள் நிறமான கோதுமை நூடுல்ஸை (இங்கே காரம் என்று நான் சொல்வது மிளகாயின் உறைப்பை அன்று, சோடா போன்ற காரப்பொருளை) முக்கால் பதத்துக்குக் கொதிநீரில் வேகவைத்து வடிகட்டி, அகன்ற மேசையில் கொட்டி, எண்ணெய் தெளித்து, விசிறியால் காற்று வீசிக்கொண்டே நீண்ட குச்சிகளால் தூக்கித் தூக்கி உதறுவார்கள். ஒவ்வொரு இழையும் எண்ணெய் பூசிக்கொண்டு தனித்தனியாக ஆறிவிடும். வாடிக்கையாளர் வந்து நின்றதும் ஒரு பிடியைக் கம்பிக்கூடையில் போட்டு, கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, காகிதக் கிண்ணத்தில் இட்டு, எள் விழுது, சோயா, ஊறவைத்த முள்ளங்கித் துண்டுகள், காராமணி ஊறுகாய், வெங்காயத்தாள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் நடந்துகொண்டே கலக்கித் தின்பார். சூப் கிடையாது, கஞ்சித்தன்மை கிடையாது. நூடுல்ஸைக் கடித்தால் கடிபட வேண்டும். சிச்சுவான் பகுதியின் குளிர் நூடுல்ஸும் இதே எண்ணெய், இதே விசிறல் முறையில்தான் செய்யப்படுகிறது. வட அமெரிக்கச் சீன உணவகங்களில் வேர்க்கடலை வெண்ணெய் தூக்கலாக இருக்கும் வகை, நியூயார்க்கில் 1970களில் புகழ்பெற்ற குளிர்ந்த எள் நூடுல்ஸின் வழியில் வந்தது. அதுவும் வேகவைத்து, ஆறவைத்து, பிறகு சாஸில் புரட்டப்படுவதே.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் யோசனை: தங்கள் மின்சாரக் குக்கரில் வதக்குவதற்கான பொத்தான் இருக்கும். மூடியை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு லிட்டர் வெந்நீரை ஊற்றி, அந்தப் பொத்தானை உயர்ந்த நிலையில் வைத்தால் அது ஒரு சாதாரண அடுப்பாகிவிடுகிறது. நீர் தளதளவென்று கொதித்ததும் நூடுல்ஸைப் போட்டு, ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்த்து, பதம் வருவதற்குச் சற்று முன்பே வடித்து, எண்ணெயில் உதறிவிடுங்கள். கடித்துப் பார்க்க முடியாமல் மூடி வைத்துச் சமைப்பது பருப்புக்குச் சரி. நூடுல்ஸுக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

ஸ்பகெட்டியைக் கொண்டே அந்த மஞ்சள் நூடுல்ஸின் வழுவழுப்பும் மணமும் வேண்டுமானால், கொதிநீரில் லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைச் சேர்க்கலாம். இது திறந்த பாத்திரத்துக்கு மட்டுமே. சோடா சேர்ந்த நீர் பயங்கரமாக நுரைக்கும் என்பதால் மூடிய குக்கரில் ஒருபோதும் சேர்க்கக்கூடாது.

மறுமொழி: எழுதியவர் ஸ்கார்பரோவாசி

மூவருக்கும் நன்றி. விழுதைப் பின்னால் சேர்ப்பது என்ற ஒன்றிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தெரிகிறது. ஆனால் திறந்து வைத்து இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டால் என் அறையின் சிறிய ஜன்னல் முழுவதும் நீர் படிந்து வழிகிறது. பனிக்காலத்தில் அதைத் திறந்தும் வைக்க இயலாது. வீட்டுக்காரர் பூஞ்சை பிடிக்கும் என்கிறார். ஆகவே பனிக்காலம் முடியும்வரை மூடிய முறையே எனக்குப் பொருந்தும்.

எள் விழுதைப் பற்றி இன்னொரு சந்தேகம். அருகிலுள்ள கடையில் அரபு நாட்டுத் தஹினிதான் எளிதாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வெளிறிய, சற்றே கசந்த சுவை வருகிறது. ஊரிலிருந்து கொண்டு வந்த எள்ளும் நல்லெண்ணெயும் என்னிடம் உள்ளன. சிறிய மிக்ஸியும் இருக்கிறது. இவற்றைக் கொண்டு விழுது தயாரிக்க முடியுமா?

மறுமொழி: எழுதியவர் செக்கடியான்

தாராளமாக முடியும். தஹினியும் சீன எள் விழுதும் ஒரே எள்ளில் செய்யப்பட்டாலும் வறுப்பில் வேறுபட்டவை. தஹினிக்குத் தோல் நீக்கிய எள்ளை வறுக்காமலோ மிக இலேசாக வறுத்தோ அரைக்கிறார்கள். சீன விழுதுக்கு எள்ளைச் செம்பழுப்பாக வறுக்கிறார்கள். தாங்கள் எதிர்பார்க்கும் மணம் முழுவதும் அந்த வறுப்பிலிருந்து வருவது. தஹினியை மட்டும் வைத்திருப்பவர்கள் வேர்க்கடலை விழுதின் பங்கைக் கூட்டிக்கொண்டால் அந்தக் குறை பெரிதும் மறையும். பெய்ஜிங்கில் எள் விழுதோடு வேர்க்கடலை விழுதைக் கலந்தே விற்கும் வழக்கம் உண்டு, ஆகவே இது ஒன்றும் கலப்படம் ஆகாது.

எள்ளுருண்டைக்கு நாம் வாங்கும் தோலோடு கூடிய எள்ளில் தோலின் கசப்பு கொஞ்சம் இருக்கும். தோல் நீக்கிய வெள்ளை எள் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். தங்களிடம் அடுப்பு இல்லாததால், குக்கரின் வதக்கும் நிலையைக் குறைந்த சூட்டில் வைத்து, 150 கிராம் எள்ளைப் போட்டு மரக்கரண்டியால் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் ஈரம் போகும், பிறகு எள் கரண்டியோடு ஒட்டாமல் உதிர்ந்து ஓடும், அதன்பின் ஒன்றிரண்டாகப் பொரியத் தொடங்கும். பொரிவது வேகமெடுத்து, ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே நசுக்கினால் பொடியாகி எண்ணெய்ப் பசை தெரியும்போது உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். பாத்திரத்திலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிவிடும். எள்ளில் நல்ல வறுப்புக்கும் கசப்புக்கும் இடையே இருப்பது மிகச் சிறிய இடைவெளி.

முழுவதும் ஆறவிடாமல் இளஞ்சூட்டிலேயே மிக்ஸியின் சிறிய ஜாரில் போட்டு அரையுங்கள். முதலில் அது எள்ளுப்பொடியாகி ஜாரின் சுவரில் ஏறி அப்பிக்கொள்ளும், கத்தி வெறுமனே சுற்றும். நிறுத்தி, வழித்துவிட்டு, மீண்டும் ஓடவிட வேண்டும். மோட்டார் சூடேறினால் ஓய்வு கொடுங்கள். ஒரு கட்டத்தில் பொடி உருண்டையாகத் திரளும், அதன்பின் திடீரென்று எண்ணெய் விட்டுக்கொண்டு பளபளப்பாக இளகிவிடும். இளகத் தாமதமானால் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்க்கலாம். தண்ணீர் மட்டும் படக்கூடாது. வேர்க்கடலையையும் இவ்வாறே வறுத்து, தோலை ஊதிவிட்டு அரைக்கலாம். சுருங்கியதும் பூஞ்சை வாடை அடிப்பதுமான கொட்டைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அவற்றிலுள்ள நச்சு வறுப்பதால் போய்விடாது.

நல்லெண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதும் உண்டு. சீன, கொரிய, ஜப்பானியச் சமையலில் கடைசியில் சில துளிகள் விடும் கரும்பழுப்பு எண்ணெய், வறுத்த எள்ளில் பிழிந்தது. நல்லெண்ணெயை இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலும் அந்த மணம் வராது. ஆனால் நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்க மேலே நண்பர் சொன்ன உதறலுக்கும், விழுதை இளக்குவதற்கும் அதைவிடப் பொருத்தமான எண்ணெய் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அதனதன் இடத்தில் பயன்படுத்துங்கள்.

சாஸ் கரைக்கும்போது பலரும் பயந்துவிடும் ஓர் இடம் உண்டு. விழுதில் முதல் ஒரு கரண்டி நீரை ஊற்றியதும் அது இளகுவதற்குப் பதிலாக இறுகி, திட்டுத் திட்டாகக் களிபோல் ஆகும். கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி எண்ணெயை ஊற்றினால் உண்மையிலேயே கெட்டுப்போகும். எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த நுண்துகள்கள் கொஞ்சம் நீரைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அந்த இறுக்கம். தொடர்ந்து ஒவ்வொரு கரண்டியாக வெந்நீரை விட்டு அடித்துக் கலக்கினால், நிறம் வெளுத்து, எண்ணெய் நீருக்குள் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து, மோர்க்குழம்பு போன்ற வழவழப்புக்கு வந்துவிடும். முதலில் தாங்கள் சொன்ன, எண்ணெய் மேலே மிதந்த சாஸில் நடந்தது இதற்கு நேர் எதிரானது: நீடித்த கொதியில் அந்தத் துளிகள் ஒன்றுசேர்ந்து மேலே போய்விட்டன.

மறுமொழி: எழுதியவர் நீராவி

வூஹான் நண்பரின் கருத்தை ஆறவைத்து உண்ணும் வகைக்கு முழுமையாக ஏற்கிறேன். அதற்குக் குக்கர் நூடுல்ஸ் சரிப்படாது, வெளியே வந்த மாவு ஆறியதும் பசையாக இறுகிவிடும். சூடாக, சாஸில் தோய்ந்து உண்ணும் வகைக்கு அதே மாவு உதவுகிறது என்பதே என் தரப்பு. இரண்டும் வேறுவேறு உணவுகள் என்று வைத்துக்கொண்டால் சண்டையில்லை. ஜன்னலில் நீர் வழியும் சிக்கலுக்கு மூடிய முறைதான் விடை. ஆவியை இறக்கும்போது மட்டும், உலர்ந்த துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கிளம்பும் ஆவி சுவரில் அடிக்காதபடி குக்கரை அறையின் நடுப்பக்கம் திருப்பி வையுங்கள். வால்வின் மேல் துணியைப் போட்டு மூடிவிட வேண்டாம்.

கூடவே ஒரு செய்தி. பேஸ்மென்ட் என்கிறீர்கள், மேல்தளத்தில் வேறு குடும்பம் இருக்கக்கூடும். வேர்க்கடலையும் எள்ளும் கனடாவில் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் உள்ளவை. குக்கரின் மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையம் வாடையை விடாமல் பிடித்துக்கொள்ளும்; மூடியின் ஓரத்தில் விழுது பட்டால் அந்த மடிப்புக்குள் போய்த் தங்கும். அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பதாகவோ குக்கரை இரவல் தருவதாகவோ இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாஸைக் கிண்ணத்தில் கரைத்து, நூடுல்ஸையும் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகே புரட்டினால் குக்கரின் மேல் விழுதே படாது. வளையத்தைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அடுத்த நாள் சோற்றில் பூண்டு மணக்கும்.

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கட்டியாக நிற்கும். அதை மீண்டும் குக்கரில் போட்டுச் சூடாக்காமல், இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் ஊற்றி மூடி ஒரு நிமிடம் விட்டுக் கிளறினால் இளகிவிடும். அப்போது சில துளி வினிகரும் நறுக்கிய வெங்காயத்தாளும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு கழிந்ததும் புளிப்புதான் முதலில் மங்கியிருக்கும்.